தீவில் நெய்த ஒரு சாண்

நெசவாளர் சங்கத்துச் செயலாளர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நீ நெசவாளின்னு காட்ட ஏதாச்சும் காயிதம் இருக்குதா அம்மணி?"

சின்னாத்தாள் தன் இரண்டு கைகளையும் அவருடைய மேசைமேல் வைத்தாள். சுட்டுவிரலின் ஓரத்தில், நாடா உரசி உரசித் தோல் கொம்பு மாதிரி இறுகியிருந்தது.

"இதுதானுங்க இருக்குது."

"கை எல்லாத்துக்குந்தான் இருக்குது. காயிதம் கொண்டா."

இது பவானியில், தொண்ணூற்று நான்காம் வருடம் ஐப்பசி மாதத்தில் நடந்தது. சின்னாத்தாளின் கணவர் கருப்புசாமி காமாலையில் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவர்கள் வீட்டுத் தறி சங்கத்துடையது. சங்கத்தில் உறுப்பினர் கருப்புசாமி. ஆறடி அகல ஜமக்காளம் நெய்கிற தறி அது. அந்த அகலத்துக்கு ஒரு ஆளின் கை எட்டாது. தறிக்குழியில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். குறுக்கே ஓடும் ஊடை நூல் சுற்றிய நாடாக் கட்டையை ஒருவர் எறிய, மற்றவர் பிடிக்க வேண்டும். இருவரும் சேர்ந்து மிதித்து, சேர்ந்து அடிக்க வேண்டும். வலப்பக்கம் கருப்புசாமி, இடப்பக்கம் சின்னாத்தாள் என்று இருபத்திரண்டு வருடம் நெய்தார்கள். நாடா நூறு முறை போனால் அதில் ஐம்பது முறை அவள் கையிலிருந்து போனது. ஆனால் சங்கத்துப் பதிவேட்டில் வலப்பக்கத்து ஆளுக்கு 'நெசவாளர்' என்று பெயர். இடப்பக்கத்து ஆளுக்கு 'உதவி' என்று பெயர். உதவியின் பெயரை எழுத மாட்டார்கள். 'உதவி - 1' என்று மட்டும் எழுதுவார்கள், வீட்டில் எருமை ஒன்று என்று எழுதுகிற மாதிரி.

நெசவாளர் இறந்துபோனார், ஆகவே தறி காலி என்றது சங்கம். தை மாதம் முடிவதற்குள் தறியைப் பிரித்து வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். கூடவே உட்கார்ந்து நெய்தவள் உயிரோடுதான் இருக்கிறாள் என்பது பதிவேட்டுக்குத் தெரியாது.

காகிதத்துக்குப் பின்னால் இன்னொன்றும் இருந்தது. அதைச் செயலாளர் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்தத் தெருவில் ஒரு வழக்கம்: புதுப் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஏற்றிய தறியில் தாலியறுத்தவள் நாடாவைத் தொடக்கூடாது. தொட்டால் பாவு பாதியில் அறும். அவளோடு குழியில் உட்கார்ந்தவளின் தாலிக்கும் ஆகாது. பாவு எதனால் அறும் என்பது அந்தத் தெருவில் நெய்கிற எல்லாருக்கும் தெரியும். நூல் மட்டமாக இருந்தால் அறும். கஞ்சி சரியாக ஏறாவிட்டால் அறும். எலி கடித்தால் அறும். சின்னாத்தாளின் கழுத்தில் தாலி இருந்த இருபத்திரண்டு வருடத்திலும் அறுந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு பெண்ணைக் குழியிலிருந்து கிளப்ப வேண்டும் என்றால் மட்டும் பருத்தி நூலுக்குத் திடீரென்று கண் முளைத்துவிடுகிறது. எவள் கழுத்து வெறுங்கழுத்து என்று பார்த்துப் பார்த்து அறுகிறது.

தறியில் இருக்கும்வரை சின்னாத்தாள் அசையாமல் ஒரு பகல் முழுக்க உட்காருவாள். தறி நின்றபிறகு அவளால் எங்கும் உட்கார முடியவில்லை. கூடுதுறைப் படிக்கட்டு வரை நடப்பாள். திரும்பி வந்து காளிங்கராயன் வாய்க்கால் வரை நடப்பாள். யார் வீட்டிலாவது தண்ணீர் கொடுத்தால் நின்றபடியே குடித்துவிட்டுக் கிளம்புவாள். அவள் நின்றாலும் கால் நிற்காது. மிதிபலகையைத் தேடுகிற மாதிரி வலதும் இடதுமாக மாறி மாறி அழுத்திக்கொண்டிருக்கும்.

இந்தச் சமயத்தில்தான் கருமத்தம்பட்டியிலிருந்து வெங்கடபதி வந்தார். நாற்பது விசைத்தறி ஓட்டுகிறவர். வீட்டில் தெலுங்கு பேசுகிற குடும்பம்; தாத்தா காலத்தில் பருத்திக் காடு, அப்பா காலத்தில் ஜின்னிங், இவர் காலத்தில் தறி ஷெட்டு. வாசலில் காரை நிறுத்திவிட்டு, இறங்காமலே பேசினார்.

"அந்தமான்ல தீவுக் கைவினைச் சந்தை போடறாங்க அம்மணி. பத்து நாளைக்கு. பவானி ஜமக்காளம்னு நான் ஒரு கடை எடுத்திருக்கறேன். தறிய அங்கயே கொண்டுபோயி நட்டு, ஒரு ஆளு உக்காந்து நெஞ்சாத்தான் ஜனம் நிக்கும். நீ வாரயா? நல்ல கூலியாத் தாரேன்."

"கூலிய அப்பறம் பேசிக்கலாமுங்க. காயிதம் ஏதாச்சும் குடுப்பாங்களா?"

"என்ன காயிதம்?"

"நான் நெசவாளின்னு."

வெங்கடபதிக்குச் சிரிப்பு வந்தது. "குடுப்பாங்க. கடைசி நாளு ஒவ்வொரு கைவினைஞருக்கும் சான்றிதழ். முத்திரையோட. கைத்தறி நெசவாளர் சின்னாத்தாள், பவானின்னு அச்சுல வரும். போதுமா?"

சின்னாத்தாள் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள். "எத்தன அடித் தறிங்க?"

"ஆறடி. பாத்தவன் அசந்துபோகோணுமல்லோ?"

"அப்பறம் ரெண்டாளு வேணுமுங்க."

"என்ற ஷெட்டுல ஒரு ஆளு நாலு தறி ஓட்டறான். நீ என்னடான்னா ஒரு தறிக்கு ரெண்டாளுங்கற! கப்பல்ல என்ன கலியாணத்துக்கா போறம், கூட்டங் கூட்டிக்கிட்டு?"

"நாடா நடுவுலயே நின்னுபோகுமுங்க."

"நின்னா நிக்கட்டும். தீவுக்காரனுக்கு என்ன தெரியும்? நீ பாட்டுக்குக் கையக் கால ஆட்டிக்கிட்டு இரு."

விசைத்தறி முதலாளி மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. ஆளைக் குறைப்பதுதான் அவருக்குத் தெரிந்த நெசவு. ஒரு தறியில் ஒரு ஆளைக் குறைத்தால் தறியே ஊமையாகிவிடும் என்பது அவருடைய ஷெட்டில் எந்த மூலையிலும் நடக்காத விஷயம். சின்னாத்தாளுக்கு அது தெரியும். தெரிந்தும் ஒத்துக்கொண்டாள். தைக்குள் காகிதம் வேண்டும்.

மார்கழியில் சென்னையிலிருந்து கப்பல் ஏறினாள். மூன்று நாள் பயணம். கூட வந்தவர் ரசாக். கோவை கோட்டைமேட்டுக்காரர், வெங்கடபதியிடம் விற்பனைக்கு இருப்பவர், பம்பாயில் கடை பார்த்ததால் இந்தி தெரிந்தவர். கரை மறைந்ததும் ரசாக் வாந்தியெடுக்க ஆரம்பித்தார். சின்னாத்தாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேல்தளத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

"அக்கா, சித்த உக்காருங்கக்கா. நீங்க நடக்கறதப் பாத்தாலே எனக்குக் கொமட்டுது."

"நான் உக்காந்தாலும் கப்பல் நடந்துட்டுத்தான இருக்குது?"

"எந் தங்கச்சியும் இப்புடித்தான். சித்திகான்னு பேரு. உங்கூர்லதான் கட்டிக்குடுத்தோம். மாப்ள உட்டுப்போட்டுப் போயிட்டான். அதுலேந்து ஒரு எடத்துல உக்கார மாட்டேங்குது. அதுக்கும் வேல எதுவும் இல்ல."

இரண்டாம் நாள், களைத்துப்போய், மாதிரிக்காகக் கையோடு கொண்டுவந்த ஜமக்காள மூட்டைமேல் சாய்ந்தாள். விரல் தானாக அதன் ஓரக் கரையைத் தடவியது. சாய்ந்தவள் எழுந்து உட்கார்ந்தாள். மூட்டையைப் பிரித்தாள்.

இரண்டு பேர் நெய்த ஜமக்காளத்தில் இரண்டு கரையும் ஒன்றுபோல் இராது. இரண்டு கை, இரண்டு விதமான இழுப்பு. கருப்புசாமி பக்கத்துக் கரை இறுக்கமாக இருக்கும். அவள் பக்கத்துக் கரை மயிரிழை தளர்ந்திருக்கும். ஆயிரம் ஜமக்காளத்தின் நடுவே போட்டாலும் தன் சரக்கை அவள் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பாள். இந்த மூட்டையில் இருந்தவற்றுக்கு இரண்டு கரையும் கத்தியால் சீவின மாதிரி ஒரே நேராக ஓடியது. மூலையில் தைத்திருந்த சீட்டில் 'அசல் பவானி கைத்தறி' என்று அச்சடித்திருந்தது. அவள் ஐந்தாவது வரை படித்தவள்.

"ரசாக்கு, இது தறியில நெஞ்சதா?"

"தறியிலதான்க்கா. கரண்டுத் தறி."

"சீட்டுல கைத்தறின்னு போட்டிருக்குது."

"அச்சடிச்சவன் எழுதப் படிக்கத் தெரியாதவன்னு வெச்சுக்குங்க." ரசாக் சிரிக்கப் பார்த்தார், வாந்திதான் வந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "உங்களுக்கு வேணுங்கறது காயிதம். அது வந்துரும். மத்ததுக்குக் கண்ண மூடிக்குங்கக்கா."

கைத்தறி என்றதும் கையெடுத்துக் கும்பிட வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. குழியில் உட்கார்ந்து முழங்கால் தேய்ந்தவர்கள், பஞ்சுத் தூசியில் நெஞ்சு கெட்டவர்கள் பவானியில் வீட்டுக்கு ஒருவர் உண்டு. மின்சாரத்தில் நெய்வது பாவமும் அல்ல, குற்றமும் அல்ல. மின்சாரத்தில் நெய்துவிட்டு, ஒரு பெண்ணின் கைகளைக் கடை முகப்பில் மாட்டிவைத்து, அந்தக் கைகள் நெய்தது என்று விற்பது திருட்டு. தான் ஏன் கப்பலில் இருக்கிறோம் என்று சின்னாத்தாளுக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. மறுபடி எழுந்து நடக்க ஆரம்பித்தாள்.

போர்ட் பிளேரில் கடற்கரையை ஒட்டிய மைதானத்தில் சந்தை. தென்னங்கீற்றுக் கூரை போட்ட கடைகள், இரண்டு வரிசை. படாக் மரத்தில் கடைந்த செக்கச்செவேல் கிண்ணங்கள், பிரம்பு நாற்காலிகள், சங்கில் செய்த விளக்குகள், தேங்காய் ஓட்டில் செய்த கரண்டிகள். ஒரு நிகோபாரிப் பெண் தாழை ஓலையைக் கால்விரலில் மாட்டி இழுத்து இழுத்துப் பாய் முடைந்துகொண்டிருந்தாள். தறி நட்டு முடிக்கிறவரை சின்னாத்தாள் சந்தையைச் சுற்றிச் சுற்றி வந்தாள். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தாள். பாயின் விளிம்பை மடக்கிய விதத்தைக் குனிந்து பார்த்தாள். அந்தப் பெண் நிமிர்ந்து சிரித்தாள், ஒரு ஓலையை நீட்டினாள். இருவருக்கும் பொதுவான பேச்சு இல்லை. சின்னாத்தாள் ஓலையை வாங்கி, ஒரு மடிப்பு மடித்து, தப்பாகப் போய், திருப்பிக் கொடுத்தாள்.

மூன்றாவது சுற்றில்தான் ஒன்று கண்ணில் பட்டது. எல்லாக் கடைக்கும் மேலே பெயர்ப்பலகை. சங்குக் கடைப் பலகையில் ஒரு ஆண் பெயர். பின்னால் துணித் தடுப்புக்குள் உட்கார்ந்து சங்கில் துளை போட்டுக்கொண்டிருந்தவள் ஒரு பெண். பிரம்புக் கடையிலும் அப்படியே. பாய்க் கடையிலும் கூட. கடலைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்தும் பதிவேடு மாறவில்லை.

ஒரு கடைப் பலகையில் மட்டும் பெண் பெயர் இருந்தது. அது இவர்கள் கடைக்கு அடுத்த கடை. தேங்காய் நாரில் கால்மிதியும் கயிறும் பின்னி விற்கிற பங்காரம்மா. சிறுபிள்ளையில் ஆந்திரக் கரையிலிருந்து மீனவக் குடும்பத்தோடு தீவுக்கு வந்தவள். தமிழைக் கடைத்தெருவில் பொறுக்கிக்கொண்டவள். நாரைத் திரிக்கிற கைக்கு ஓய்வு கொடுத்தாலும் வாய்க்குக் கொடுக்க மாட்டாள்.

தறிக்காக முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டினார்கள். கடலோர மண். வெட்டிய அன்றே உவர்த் தண்ணீர் ஊறியது. கடல் ஏறும்போதெல்லாம் சின்னாத்தாள் கெண்டைக்கால் வரை காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பழக்கத்தில் இடப்பக்கம்தான் உட்கார்ந்தாள். நாடாவை எறிந்தாள். அது பாவின் நடுவே போய் நின்றது. பிடிக்க வலப்பக்கம் யாரும் இல்லை. எழுந்து சுற்றிப் போய் எடுத்தாள். மறுபடி எறிந்தாள். மறுபடி நின்றது.

"எறியாதீங்கக்கா," என்றார் ரசாக், குரலைத் தணித்து. "சும்மா மிதிச்சு மிதிச்சு அடிச்சுட்டே இருங்க. சத்தம் வந்தாப் போதும்."

சத்தம் வந்தது. ஜனமும் வந்தது. கருமத்தம்பட்டிச் சரக்கு மளமளவென்று போனது. மூன்றாம் நாள் பள்ளிக்கூட வாத்தியாரம்மா ஒருத்தி தறிமுன் நின்று உற்றுப் பார்த்தாள்.

"நேத்தும் இந்த மஞ்சக் கோடு இங்கதானே இருந்தது?"

ரசாக் அசரவில்லை. "பவானி ஜமக்காளம்னாலே நிதானம்தானுங்க டீச்சர். நாங்க அவசரப்பட்டு நெய்யறதில்ல."

அடுத்த கடையிலிருந்து பங்காரம்மா சிரித்த சிரிப்பில் இரண்டு கால்மிதி கீழே விழுந்தது.

ஐந்தாம் நாள் சந்தை அதிகாரி கடை கடையாக வந்து ஒரு செய்தி சொல்லிப் போனார். ஒன்பதாம் நாள் மறுபடி வருவார். ஒவ்வொரு கைவினைஞரும் அவர் கண்முன் ஒரு சாண் அளவு வேலை செய்து காட்ட வேண்டும். காட்டினால்தான் சான்றிதழ்.

ரசாக்குக்கு முகம் வெளிறியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தானே குழியில் இறங்கப் பார்த்தார். கால் இறங்கியது. வயிறு பாவில் இடித்து நின்றது.

"தள்ளய்யா," என்று வந்தாள் பங்காரம்மா. "உன் பொட்ட, இந்த வயிறு, ஒரு ஊரு, இந்தக் குழி ஒரு சந்து. ஊரு சந்துல நுழையுமா? நான் உக்காரறேன்."

"நீங்க வேண்டாமுங்க," என்றாள் சின்னாத்தாள் அவசரமாக.

"ஏன்? என் கை கை இல்லையா?"

"அதில்லீங்க. நான் புருசன் இல்லாதவ. எம் பக்கத்துல உக்காந்து நெஞ்சா உங்க தாலிக்கு ஆகாதும்பாங்க. பாவு அந்துபோகும்பாங்க."

பங்காரம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "என் மொகுடு படகு எடுத்துப் போயி தொம்மிதி வருஷம். ஒம்பது. திரும்பி வரல. எங்க வீதியில பாதிப் பேருக்கு இதே கதை. நாங்க கயித்தத் தொட்டா அந்துபோகும்னா, இந்தத் தீவுல ஒரு படகும் கரையில நிக்காது. எல்லாப் படகையும் எங்க கயிறுதான் கட்டியிருக்கு. தள்ளு."

குழியில் இறங்கி இடப்பக்கம் உட்கார்ந்துவிட்டாள். சின்னாத்தாள் நின்றுகொண்டே இருந்தாள்.

"அது என்ற எடமுங்க."

"வேல தெரிஞ்சவ எந்தப் பக்கம் உக்காருவா?"

"வலது பக்கம்."

"அப்போ அங்க உக்காரு. எனக்கு என்ன தெரியும்?"

இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாகச் சின்னாத்தாள் வலப்பக்கம் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் எல்லாம் தலைகீழாகிவிட்டது. எறிந்த கை பிடிக்க வேண்டும், பிடித்த கை எறிய வேண்டும். எப்போது நிறம் மாற்றுவது, எப்போது அடிப்பது என்று குரல் கொடுப்பவர் வலப்பக்கத்து ஆள். அவளுக்குக் குரல் வரவில்லை. அரை நாள் முழுக்க நாடா குழித் தண்ணீரில் விழுந்து விழுந்து எழுந்தது.

"வாயத் தெற," என்று அதட்டினாள் பங்காரம்மா. "நீ சொல்லாம நான் எப்படி அடிக்கறது? ஜோசியமா பாக்கறது?"

"அடி," என்றாள் சின்னாத்தாள்.

"காதுல விழல."

"அடீ!"

அந்தச் சத்தத்துக்குச் சங்குக் கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். துணித் தடுப்பை விலக்கிக்கொண்டு அவர் மனைவியும் பார்த்தாள். எட்டாம் நாள் மஞ்சள் கோடு தாண்டிப் பச்சைக் கோடு வந்தது. பழக நெய்த அதைப் பிரித்துவிட்டு, மறுநாளுக்காகத் தறியைச் சரிசெய்து வைத்தார்கள்.

வெங்கடபதி எட்டாம் நாள்தான் வந்தார், விமானத்தில். ஒன்பதாம் நாள் வெள்ளைச் சஃபாரி உடுப்பில் கடை முகப்பில் நின்றார். குழியில் இரண்டு பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ரசாக்கிடம் புருவத்தை உயர்த்தினார். ரசாக், "டிக்கெட்டுச் செலவு இல்லாத ஆளுதானுங்க," என்றார்.

அதிகாரி வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துத் தமிழர். நாற்காலி போட்டும் உட்காராமல் நின்று பார்த்தார். இரண்டு பெண்களும் நெய்தார்கள். சின்னாத்தாள் குரல் கொடுத்தாள், பங்காரம்மா அடித்தாள், நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடியது. ஒரு சாண் ஆனதும் அதிகாரி குனிந்து, தன் கையை விரித்து அளந்தார்.

"அருமை," என்றார். அவர் அதை மனதாரச் சொன்னார். பையிலிருந்து தமிழ்ப் படிவத்தை எடுத்துப் பெயர் கேட்டு எழுதினார். சின்னாத்தாள், க/பெ. கருப்புசாமி, கைத்தறி நெசவாளர், பவானி. "கையெழுத்துப் போடுங்கம்மா."

சின்னாத்தாள் ஈரக் காலோடு குழியிலிருந்து ஏறிவந்து, படிவத்தை எழுத்துக் கூட்டி வாசித்தாள். முதல் வரியில் அவள் பெயர். இரண்டாம் வரியில் தொழில். அதை இரண்டு முறை வாசித்தாள். மூன்றாம் வரி: 'இக்கடையில் விற்பனைக்கு உள்ள பொருள்கள் அனைத்தும் என்னாலும் என் குழுவினராலும் கையால் செய்யப்பட்டவை என உறுதி கூறுகிறேன்.'

"ஏனுங்க சார், இந்த மூணாவது வரிய அடிச்சுப்போட்டுக் குடுங்க."

"படிவத்துல அடித்தல் கூடாதும்மா."

"அப்ப இந்த ஒரு சாண் மட்டும்னு எழுதுங்க. இது நானும் பங்காரம்மாளும் நெஞ்சது."

"அப்போ மத்ததெல்லாம்?"

அவள் வெங்கடபதியைப் பார்த்தாள். வெங்கடபதி சிரித்த முகம் மாறாமல் பக்கத்தில் வந்தார். "கண்ணு, எல்லாக் கடையிலயும் போடற கையெழுத்துத்தான். போட்டுரு. தறி உனக்கு வேண்டாமா?"

"வேணுமுங்க. அதுக்குத்தான் மூணு நாளு கடல்மேல நடந்தேன்." அவள் கால் மாறி மாறி மண்ணை மிதித்துக்கொண்டிருந்தது. "நான் நெஞ்சதுக்கு இருபத்திரண்டு வருசமா எம் பேரு இல்லீங்க. இப்ப நெய்யாததுக்கு எம் பேரக் கேக்கறீங்க. போட மாட்டேனுங்க."

பங்காரம்மா குழியிலிருந்தபடியே தெலுங்கில் ஆரம்பித்தாள். வெங்கடபதிக்கு அவள் சொன்னது ஒவ்வொரு சொல்லும் புரிந்தது. அவர் காது சிவந்ததிலிருந்து மற்றவர்களுக்கும் ஓரளவு புரிந்தது.

அதிகாரி முட்டாள் இல்லை. அடுக்கியிருந்த ஜமக்காளங்களில் ஒன்றைப் புரட்டினார். கரையைப் பார்த்தார். சீட்டைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. ஆனால் விளங்கியதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை. மறுநாள் நிறைவு விழா, பெரிய விருந்தினர்கள் வருகிறார்கள். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கடைக்கு ஒரு கையெழுத்து இருந்தால் போதும் என்றார். வெங்கடபதி சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

மறுநாள் மேடையில் மாலை போட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். 'கைத்தறி நெசவாளர் திரு. வெங்கடபதி, பவானி.' தறிக்குழியில் பெருவிரலைக் கூட நனைக்காத மனிதர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படத்துக்கு நின்றார். நம் நாட்டில் முத்திரை இப்படித்தான் இடம் பார்த்து விழுகிறது.

சின்னாத்தாள் விழாவுக்குப் போகவில்லை. பங்காரம்மாவின் நார்க்கத்தியை வாங்கி, நெய்த ஒரு சாணைப் பாவிலிருந்து அறுத்தாள். ஓரங்களைப் பங்காரம்மா படகுக் கயிற்று முடிச்சாகப் போட்டுக் கொடுத்தாள்.

"பாதி உனக்கு," என்றாள் சின்னாத்தாள்.

"ஒரு சாண்ல பாதிய வெச்சு நான் எலிக்கா மெத்த போடறது? நீயே கொண்டு போ."

திரும்புகிற கப்பலில் ரசாக் வாந்தியெடுக்கவில்லை, பேசவும் இல்லை. கரை தெரிகிற நேரத்தில்தான் வாயைத் திறந்தார்.

"காயிதம் போச்சேக்கா. இனி என்ன பண்ணுவீங்க?"

"சங்கத்துல கூட்டம் இருக்குதல்லோ, தை இருவதுக்கு. போவேன்."

"போயி?"

"போயி நிப்பேன். எடப்பக்கம் உக்கார ஒரு ஆளு வேணும். எங்க தெருவுல எவளும் வர மாட்டா."

ரசாக் அவள் பக்கம் திரும்பினார். "எந் தங்கச்சி சித்திகாவக் கேட்டுப் பாக்கட்டுமா? எங்களுக்கு இந்தத் தாலிக் கணக்கெல்லாம் தெரியாது. அது கோவக்காரி, ஆனா கை வெசயா இருக்கும்."

சித்திகா வந்தாள். பத்து நாள், பிரிக்கப்படக் காத்திருந்த தறியில், பழைய பாவில் பழகினாள். முதல் நாளே நாடாவை ஜன்னல் வழியாகத் தெருவுக்கு எறிந்தாள். "உங்க தறி என்னக்கா, நாடாவத் துப்புது!" என்றாள். கருப்புசாமி போனபிறகு முதல் முறையாகச் சின்னாத்தாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

தை இருபதாம் தேதி சங்கத்துக் கூட்டம். கூடத்தின் ஒரு பக்கம் ஆறடித் தறி ஒன்றில் அன்றைக்குத்தான் புதுப் பாவு ஏற்றி, மஞ்சள் தெளித்து, பூ வைத்திருந்தார்கள். செயலாளர் பதிவேட்டை விரித்தார். "கருப்புசாமி தறி. காலி. யாருக்குக் குடுக்கறதுன்னு..."

சின்னாத்தாள் எழுந்தாள். எழுந்தாள் என்பது தவறு; அவள் உட்காரவே இல்லை.

"காயிதம் கொண்டாந்தியா அம்மணி?"

"இல்லீங்க. என்ற காயிதம் கருமத்தம்பட்டி மொதலாளிகிட்ட இருக்குது. நாற்பது கரண்டுத் தறி வெச்சிருக்கறவரு. அவருதான் பவானிக் கைத்தறி நெசவாளின்னு முத்திரை குத்திக் குடுத்துப்போட்டாங்க. உங்களுக்குக் காயிதந்தான் வேணும்னா, என்ற தறிய அவருக்கே குடுத்துருங்க. கூட்டியாந்து குழியில எறக்குங்க. நானும் பாக்கறேன்."

பின்னாலிருந்து ஒரு குரல்: "காரோட எறக்கோணுமா, காரில்லாமலா?" சிரிப்பு வெடித்தது. கருமத்தம்பட்டிச் சரக்கு பவானிச் சீட்டை ஒட்டிக்கொண்டு விற்றுப்போகிற வயிற்றெரிச்சல் அந்தச் சிரிப்பில் நிறைய இருந்தது.

"இதென்னம்மா வம்பு," என்றார் செயலாளர்.

"வம்பு இல்லீங்க. இங்கயே தறி இருக்குது. ஒரு சாண் நெஞ்சு காட்டறேன். தீவுல ஒரு அதிகாரி நின்னு பாத்தாருங்க. நீங்க உக்காந்துட்டாவது பாக்கலாமல்லோ?"

"அது புதுப் பாவு." செயலாளருக்குக் குரல் இறங்கியது. "உங்கூட எடப்பக்கம் எவ உக்காருவா?"

முன் வரிசைப் பெண்கள் குனிந்துகொண்டார்கள். சிலர் கை தாலிக்குப் போனது. வாசலோரம் நின்ற சித்திகா முக்காட்டை இறுக்கிச் செருகிக்கொண்டு, கூட்டத்தைப் பிளந்து வந்தாள். பூவை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் குழியில் இறங்கினாள்.

"வாங்கக்கா. நிக்கறது போதும்."

நெய்தார்கள். சின்னாத்தாளின் குரல் கூடத்தில் மோதித் திரும்பியது. பாவு அறவில்லை. அறுந்திருந்தால் முடிச்சுப் போட்டுவிட்டு மேலே நெய்திருப்பார்கள். எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். ஒரு சாண் ஆனதும் சின்னாத்தாள் இடுப்பில் செருகியிருந்த தீவுத் துண்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள். கிழவர் ஒருவர் வந்து இரண்டின் கரைகளையும் தடவிப் பார்த்தார். "ரெண்டுலயும் வலப்பக்கக் கை ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

செயலாளர் பேனாவைத் திறந்தார். 'சின்னாத்தாள், நெசவாளர்' என்று எழுதி, பக்கத்தில் 'தற்காலிகம்' என்றும் எழுதினார். அந்தத் தற்காலிகம் நான்கு வருடம் கழித்து இன்றைக்கும் அதே இடத்தில் இருக்கிறது. அதற்காக அவள் எழுதிய மனுக்கள் ஒரு கட்டு இருக்கும். அன்றைக்கு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த வரியில் அவர் 'உதவி - 1' என்று எழுதப் போனபோது, பதிவேட்டின்மேல் தன் கையை வைத்தாள்.

"பேரு எழுதுங்க."

"எழுதிட்டனே, சின்னாத்தாள்னு."

"எடப்பக்கத்து ஆளு பேரு. சித்திகா."

"அதுக்குக் கட்டம் இல்லியே அம்மணி."

"கட்டம் போடுங்க."

அவள் கையை எடுக்கவில்லை. கால் மட்டும் மேசைக்கடியில் வலதும் இடதுமாக மிதித்துக்கொண்டிருந்தது. செயலாளர் கூட்டத்தைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து ஸ்கேலைத் தேடினார்.